இருபது ரூபாய் டேப்

இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தேன். கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாட, லிங்கம் மூன்றாக வெடித்ததாம். செப்புத் தகட்டால் பிணைத்து வைத்திருக்கிறார்கள். வெளியே டீக்கடையில், மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் ஒருவர் பேச்சுக் கொடுத்தார்.

''சாமிக்குத் தகடு போட்டு ஒட்டிட்டாங்க சார். 2021-ல கொரோனா வந்து எங்கம்மாவ வெண்டிலேட்டர்ல போட்டாங்க. நுரையீரல்ல ஓட்டை விழுந்துடுச்சு, ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. மெஷின் காப்பாத்தும்னுதானே நெனச்சோம்?''

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். வெண்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்தாது. அது ஒரு பம்ப், அவ்வளவுதான். நோயாளி பிழைக்க நேரம் வாங்கிக் கொடுக்கும். நாமாக மூச்சு விட்டால் நெஞ்சு விரிந்து காற்றை இழுக்கிறது. மெஷினோ காற்றைத் தள்ளுகிறது. பாதி நுரையீரல் நீர் கோத்துக் கிடக்கும்போது, மிச்சமிருக்கும் இடத்தில் முழு அளவுக் காற்றைத் தள்ளினால் என்ன ஆகும்?

அதற்காகச் சும்மா விட்டாலும் வம்புதான். மூச்சுத் திணறி நோயாளி பலங்கொண்ட மட்டும் இழுப்பதே நுரையீரலைக் காயப்படுத்தலாம் என்கிறார்கள். எப்போது குழாய் போடுவது என்று 2020-ல் டாக்டர்களுக்குள்ளேயே சண்டை!

எவ்வளவு தள்ளுவது என்பதற்கு 2000-லேயே விடை வந்துவிட்டது. அமெரிக்காவில் 861 நோயாளிகள். கிலோவுக்கு 12 மில்லி காற்று கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 40 பேர் இறந்தார்கள். 6 மில்லி பிரிவில் 31. புது மருந்தா, புது மெஷினா? இல்லை, காற்றைக் குறைத்தார்கள்!

இந்தக் கிலோ, தராசு காட்டும் கிலோ அல்ல. உடம்பு பெருத்தால் நுரையீரல் பெருக்காது. அதனால் உயரத்தை வைத்துக் கணக்கு. ஐந்தடிப் பெண்மணிக்கு நாற்பத்தைந்தரை கிலோ. காற்று சுமார் 270 மில்லி. அவர் 80 கிலோ இருந்தாலும் அதே அளவுதான். ஆக, முதல் தேவை இருபது ரூபாய் இன்ச் டேப். அளவு சரியாக இருந்தாலும் சில சமயம் ஓட்டை விழும். அதைக் கண்டுபிடிக்கப் பக்கத்திலேயே ஆள் வேண்டும்.

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கு இது: 2020-ல் பி.எம். கேர்ஸிலிருந்து 50,000 வெண்டிலேட்டருக்கு 2,000 கோடி. ஒன்றுக்கு 4 லட்சம். ரிப்பன், போட்டோ எல்லாம் அமர்க்களம். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் ஓடிவருவது யார்? பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்த நர்ஸுகள் சென்னையில் ரோட்டில் உட்கார்ந்ததைப் பார்த்தோமே, அவர்கள்தானே! மெஷினுக்கு ரொக்கம், மனுஷிக்கு ஒப்பந்தமா?

அடுத்த முறை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் வெண்டிலேட்டர் திறப்பு விழா நடந்தால், நைட் ஷிப்ட் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.

உப்பளக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். ''எங்கம்மாவ அளந்தாங்களானு தெரியலியே சார்.''