சோம்பலா, வியாதியா?

“ஆட்கள் நடுப்பகலுக்குள் சோர்ந்து வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள், எல்லாம் சோம்பல்” என்று நிலச்சுவான்தார்கள் பலர் குறைகூறுவதுண்டு. அச்சோர்வு பல சமயங்களில் சோம்பலன்று. இரத்தக் குறைவென்னும் வியாதியாகும். அதற்குரிய காரணங்களில் ஒன்று கொக்கிப்புழு.

1895-இல் பெரியாறு அணை கட்டி முடிந்தது முதல் அந்நீர் வைகை வழியாக நம் பக்கத்து வயல்களைச் செழிப்பித்து வருகிறது. சோழவந்தானுக்குப் பெயர் தந்த வெற்றிலைக் கொடிக்காலுக்கு நிழலும் ஈரமும் உயிராவன. கொக்கிப்புழுவின் குஞ்சுகளுக்கும் அவையே உகந்தவை. நோயுற்றவரின் மலத்தோடு மண்ணில் விழும் முட்டை பொரித்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் அக்குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும்; பின்பு சிறுகுடலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் இரத்தத்தை உறிஞ்சும்.

இதற்கு மருந்து அரிதன்று; அல்பெண்டசோல் மாத்திரை எங்கும் கிடைக்கிறது. ஆயினும் மருந்து மட்டும் போதாதென்பதற்கு இலங்கையே சாட்சி. 1916 முதல் ராக்பெல்லர் நிறுவனத்தார் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ்க் கூலியாட்களுக்கு மருந்து கொடுத்தனர். தோட்ட முதலாளிகள் பலர் கழிப்பிடங்கட்டச் செலவிட மனங்கொள்ளாமையால், மருந்துண்டவர் அதே மண்ணை மிதித்து மீண்டும் நோயுற்றனர்.

அம்முதலாளிகளை இகழுமுன் நம்மை நோக்குவோம். தாழ்த்தப்பட்ட வகுப்பார் ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடத்தலாகாதென்று தடுக்கும் வழக்கம் நம் நாட்டில் முற்றும் ஒழியவில்லை. திருப்பூர் ஜில்லா ராஜாவூரில் ஒரு தெருவில் அவ்வகுப்பார் முதன்முறையாகச் செருப்பணிந்து நடந்தது 2023 டிசம்பரிலேயாம். சேற்று வயலில் செருப்பு உதவாதென்பது உண்மையே. பாதையிலும் ஒதுங்குமிடத்திலும் அது உதவும். சிறுவயது முதல் வெறுங்காலோடு நடக்கும்படி செய்துவிட்டுப் பின்பு அவரைச் சோம்பேறி என்பது நியாயமாகுமா?

ஆகவே நிலமுடையோர் வேலை நடக்குமிடத்தருகே ஆண் பெண் இருபாலார்க்கும் தனித்தனியே கழிப்பிடமும் கைகழுவ நீரும் அமைத்தல் வேண்டும். வெளுத்த முகமும் மூச்சிரைப்பும் உடையாரை, அன்றைய கூலியைப் பிடிக்காமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புதல் வேண்டும். கிராமாதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை: செருப்பணிதலைத் தடுப்பது 2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். வழக்கமென்று வாளாவிருத்தல் அவர்கள் கடமையன்று.

வண்டி மாட்டின் காலுக்கு நாம் தவறாது லாடம் அடிக்கிறோம். அந்தக் கவலையில் ஒரு பங்கேனும் அதை ஓட்டுபவன் காலின்மீதும் செல்லட்டும்.