உழைப்பின் விலையை எழுதிக் கேட்பதே முறை

திருகோணமலையின் பொருளாதாரம் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் இயற்கைத் துறைமுகமும், சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களும், மீன்பிடியும், நிலாவெளியின் சுற்றுலாவுமே முன்னிறுத்தப்படுகின்றன. இவற்றுக்கு அப்பால், வீட்டு அறையொன்றில் கணினியின் முன் அமர்ந்து உழைக்கும் ஓர் இளைஞர் கூட்டமும் இம்மாவட்டத்தில் உருவாகியிருக்கிறது. நகரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் திருமணம், பூப்புனித நீராட்டு விழா, விடுதி விளம்பரம் ஆகியவற்றின் காணொளிகளைத் தொகுத்துக் கொடுக்கும் இவர்களுள் பலர், எந்த நிறுவனத்தையும் சாராத சுயாதீனத் தொழிலாளர்கள். இவர்களது திறமை குறித்து எவருக்கும் ஐயமில்லை. ஐயமெல்லாம் இவர்கள் கேட்கும் விலை குறித்ததே.

மீனவர் கரைக்குக் கொண்டுவரும் மீன் ஏலத்தில் விலை தீர்ந்த பின்னரே கைமாறுகிறது. காணொளித் தொகுப்பாளரோ வேலையை முடித்து, கோப்பையும் கையளித்துவிட்டுப் பணத்துக்காகக் காத்திருக்கிறார். "தெரிந்தவர்கள் தானே" என்ற நம்பிக்கையில் விலை வாய்மொழியாகவே பேசப்படுகிறது. அவ்விலையும் அடுத்த தெருவிலுள்ளவர் கேட்பதிலும் ஆயிரம் ரூபா குறைவாக இருக்க வேண்டும் என்ற ஒரே அளவுகோலால் தீர்மானிக்கப்படுகிறது. இப்போட்டியில் வென்றவர் என்று எவரும் இல்லை.

இங்கு அடிப்படையான வேறுபாடொன்று கவனிக்கப்படாமல் விடப்படுகிறது. சம்பளம் வேறு, விலை வேறு. கடையிலோ அலுவலகத்திலோ பணிபுரிபவருக்கு 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியால வேலையையும் சம்பளத்துடனான விடுமுறையையும் உறுதி செய்கிறது. ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதத்தையும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதத்தையும் தொழில்தருநரே செலுத்துகிறார். கணினியும் மின்கட்டணமும் அவர் பொறுப்பே. சுயாதீனத் தொழிலாளருக்கோ தொழில்தருநரும் அவரே, ஊழியரும் அவரே. இந்தச் செலவுகள் யாவும் அவர் கூறும் விலைக்குள் அடங்காவிடின், அவரது முதுமையிலிருந்தே அவை கழிக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டினை நோக்குவோம். மாதம் 1,00,000 ரூபா வருமானத்தை எதிர்பார்க்கும் ஒருவர் அதனை 180 மணித்தியாலங்களால் வகுத்து, மணித்தியாலத்துக்கு 555 ரூபா போதுமெனக் கருதலாம். ஆயின், சேமலாப நிதிக்கும் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கும் ஈடாக 15,000 ரூபாவை அவரே ஒதுக்க வேண்டும். 3,60,000 ரூபா பெறுமதியான கணினியை மூன்றாண்டுகளில் மாற்ற வேண்டுமெனின் மாதம் 10,000 ரூபா தேவை. மின்சாரம், இணைய இணைப்பு, மென்பொருள் ஆகியவற்றுக்கு 15,000 ரூபா எனக் கொள்வோம். மொத்தம் 1,40,000 ரூபா. வாடிக்கையாளரைத் தேடுவதிலும், பேசுவதிலும், திருத்தங்களைக் கேட்பதிலும் கழியும் நேரத்துக்கு எவரும் பணம் தருவதில்லை. எஞ்சும் மணித்தியாலங்கள் நூறு எனின், உண்மையான விலை மணித்தியாலத்துக்கு 1,400 ரூபாவாகும். முதலில் கருதியதைப் போல் இது இரண்டரை மடங்கு.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பணியாற்றுவோர் மேலும் சிலவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டியவர்களாவர். ஃபைவர் போன்ற தளம் விற்பனையாளரின் பணத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. கையில் 1,400 ரூபா கிடைக்க வேண்டுமெனின் 1,750 ரூபா கேட்டாக வேண்டும். நாணயமும் முக்கியமானது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. புலம்பெயர்ந்த உறவினரிடம் ரூபாவில் விலை பேசியவர்கள் அன்று இழந்தது சிறிதன்று.

வரிச் சட்டமும் மாறிவிட்டது. வங்கி ஊடாக வெளிநாட்டு நாணயத்தில் பெறப்படும் சேவை வருமானத்துக்கு இருந்த விலக்களிப்பு நீங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் ஆகக்கூடியது 15 சதவீதம் என்ற வரி நடைமுறைக்கு வந்தது. எனினும், அதே திகதி முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் நிவாரணமும் உண்டு. எனவே சிறு வருமானமுடையோர் அஞ்சவேண்டியதில்லை. அதற்கு மேல் உழைப்பவர் தொழிலுக்கான செலவைக் கழித்துக் காட்டுவதற்கு ஆவணம் வேண்டும். ஆவணமற்றவர், கிடைக்காத இலாபத்துக்கும் வரி கட்ட நேரிடலாம்.

ஆகவேதான் விலைப்பட்டியல் எனும் ஒற்றைத் தாள் முக்கியத்துவம் பெறுகிறது. வேலையின் விபரம், காணொளியின் நீளம், எத்தனை தடவை திருத்தம் செய்யப்படும், மேலதிகத் திருத்தத்துக்கான கட்டணம், நாணயம், முற்பணம், மீதி செலுத்தவேண்டிய திகதி ஆகியன அதில் இடம்பெற வேண்டும். முற்பணம் பெற்ற பின்னரே வேலை தொடங்குவதும், மீதி கிடைத்த பின்னரே இறுதிக் கோப்பைக் கையளிப்பதும் வழக்கமாக வேண்டும். பணம் மறுக்கப்பட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையின் முன் வைப்பதற்கு இத்தாளே சான்று. வங்கியில் கடன் கேட்கும்போதும் இதுவே வருமானத்தின் அத்தாட்சி.

எழுதிக் கேட்பது உறவுக்கு இழுக்கு எனச் சிலர் கருதுகின்றனர். தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை முஸ்லிம் வாசகர் அறிவர். ஏடும் கணக்குமாக வணிகம் செய்த மரபு தமிழருக்கும் புதிதன்று. எழுத்து உறவைக் கெடுப்பதில்லை. எழுதாமல் விட்டதே பின்னர் மனக்கசப்பாகிறது.

விலையை உயர்த்தினால் வாடிக்கையாளர் வேறிடம் செல்வார் என்ற அச்சம் நியாயமானதே. ஒருவர் தனித்து உயர்த்தினால் அதுவே நிகழும். எனவே நகர், கிண்ணியா, மூதூர்த் தொகுப்பாளர்கள் இன பேதமின்றி ஒன்றுகூடி, எந்த வேலைக்கும் இதற்குக் கீழ் விலையில்லை எனத் தமக்குள் உடன்படுதல் அவசியம். தொடர்பாடல் கற்கையைப் போதிக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், விலை கணிப்பதையும் விலைப்பட்டியல் எழுதுவதையும் மாணவருக்குக் கற்பிக்கலாம். பிரதேச செயலகங்கள் வியாபாரப் பெயர்ப் பதிவுக்கு இவர்களை ஊக்குவிக்கலாம்.

திறமையை மட்டும் கற்றுக்கொடுத்து அதன் விலையைக் கேட்கக் கற்றுக்கொடுக்காத சமூகம், தன் பிள்ளைகளை வளைகுடா விமானத்தில் ஏற்றிவிட்டு வருந்துவதில் பயனில்லை.