மார்க் இருக்கு, சீட் இருக்கு... விசா மட்டும் ஏன் கிடைக்கல? கடலோரப் பெற்றோரே உஷார்!

காரைக்கால்:

கனடாவில் படிக்க விண்ணப்பித்த இந்திய மாணவர்களில் நூற்றுக்கு 74 பேருக்கு 'நோ' சொல்லி அனுப்பி விட்டார்கள். இது 2025 ஆகஸ்ட் மாதக் கணக்கு. 2023 ஆகஸ்ட்டில் இதே கணக்கு வெறும் 32-தான். இரண்டே வருஷத்தில் கதவு இந்த அளவுக்கு சாத்தப்பட்டிருக்கிறது.

அப்போ அந்த 74 பேரும் மக்குப் பசங்களா? அப்படி இல்லை. காலேஜ் சேர்க்கை கடிதத்தை வச்சுதான் எல்லாரும் விண்ணப்பித்தார்கள். மாட்டிக்கிட்ட இடம் வேற. நிதி ஆதாரம் சரியில்லை, ஆவணம் நம்பும்படியாக இல்லை, படிக்கத்தான் வர்றாங்களான்னு சந்தேகம்... தூதரகங்கள் விசா மறுக்கும்போது அடிக்கடி சொல்லும் காரணங்கள் இந்த மூன்றுதான்.

கனடா சமாச்சாரம் காரைக்கால் கருக்களாச்சேரிக்கு எதுக்கு என்று கேட்கலாம். விஷயம் இருக்கு.

பாஸ்புக்கில் ஏறாத பணம்

கருக்களாச்சேரி, காரைக்கால் மாவட்டத்து மீனவ கிராமங்களில் ஒன்று. ஒரு காலத்தில் இந்தக் கடற்கரையில் வெளிநாடு என்றால் வளைகுடா வேலை, இல்லாட்டி சிங்கப்பூர். இப்போது நிலைமை மாறிப்போச்சு. திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கு, ஜிப்மர் கிளை இருக்கு, விவசாயக் கல்லூரி, இன்ஜினியரிங் கல்லூரி எல்லாம் பஸ் ஏறிப் போற தூரத்தில் இருக்கு. பட்டம் வாங்கிய பிள்ளை அடுத்து மேல்படிப்புக்கு வெளிநாடு என்று கேட்பது சகஜமாகி விட்டது. 2024-ல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்கிறது மத்திய அரசு.

ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்குவோம். அப்பா விசைப்படகில் பங்குத் தொழில். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தை பங்கு பிரிப்பார்கள். ஏலத்தில் விழுந்த காசு கைக்கு கை ரொக்கமாக வரும். அம்மா மீன் விற்ற பணம் முந்தானையில். மிச்சம் பிடித்தது மகளிர் குழுவிலும் ஏலச்சீட்டிலும். கையில் கொஞ்சம் கூடினால் நகை. வருஷத்துக்கு வர்றதை கூட்டிப் பார்த்தால் சின்ன ஆபீஸ் வேலைக்காரருக்கு குறைவில்லை. ஆனால் பாஸ்புக்கை திறந்தால்? கேஸ் மானியம், தடைக்கால நிவாரணம், அவ்வளவுதான்!

விசா அதிகாரி கடற்கரைக்கு வந்து வலையையும் படகையும் பார்க்க மாட்டார். அவருக்கு தெரிந்தது பேப்பர் மட்டும்தான். பேப்பரில் இல்லாத பணம் அவரைப் பொறுத்தவரை இல்லாத பணம்.

தடைக்காலமும் விசா காலமும்

இன்னொரு சிக்கலை யாரும் யோசிப்பதில்லை. கிழக்கு கடற்கரையில் மீன்பிடி தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு எல்லாம் கரையில். வருமானம் ஜீரோ. கடன் வாங்கித்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

வெளிநாட்டு யுனிவர்சிட்டிகள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் திறக்கின்றன. அதற்கு பணம் காட்ட வேண்டிய நேரம் மே, ஜூன், ஜூலை. அதாவது கடலோர வீட்டில் காசே இல்லாத மாசங்களில்தான் 'லட்சக்கணக்கில் காட்டு' என்று கேட்கிறது தூதரகம். கனடாவுக்கு நாலு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் வேணும். ஜூலையில் விண்ணப்பித்தால் அந்த நாலு மாசத்தில் இரண்டு மாசம் தடைக்காலம்!

அப்போது திடீரென்று ஒரே நாளில் கணக்கில் 10 லட்சம் ஏறினால் என்ன நினைப்பார்கள்? எங்கிருந்து வந்துச்சு என்று கேட்பார்கள். பதில் இல்லையென்றால் பைல் மூடப்படும்.

எவ்வளவு காட்டணும்?

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். ஜெர்மனிக்கு 11,904 யூரோ. நம்ம பணத்தில் 12 லட்சத்துக்கு மேல். 'பிளாக்டு அக்கவுண்ட்' என்ற தனிக்கணக்கில் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். அங்கே போனதும் மாசம் 992 யூரோ வீதம் பிள்ளையின் கைக்கே திரும்ப வரும். அது செலவுப் பணம்தான், பீஸ் இல்லை. அரசு யுனிவர்சிட்டிகள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது. பாடன் வுர்ட்டெம்பர்க் மாநிலம் மட்டும் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்ப பல்கலைக்கழகமும் வெளிநாட்டு மாணவர்களிடம் கட்டணம் வாங்க ஆரம்பித்துவிட்டது.

2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு 'ஏ.பி.எஸ்.' சான்றிதழும் கட்டாயம். மார்க் ஷீட், பட்டம் எல்லாம் நிஜமா என்று சோதித்து கொடுக்கும் பேப்பர் அது. கட்டணம் 18,000 ரூபாய். இதை கடைசி நேரத்தில் போட்டுவிட்டு கையை பிசைகிறவர்கள் நிறைய.

கனடாவுக்கு 2025 செப்டம்பர் முதல் ஒரு ஆளுக்கு 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும். சுமார் 14 லட்சத்துக்கு மேல். இதில் முதல் வருஷ பீஸும், விமான டிக்கெட்டும் சேராது. அது தனி!

இங்கிலாந்துக்கு வேறு விதி. கேட்கும் தொகை கணக்கில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் அவுட்.

'ஷோ மணி' வலை

இங்கேதான் ஏஜென்ட் நுழைகிறார். பணம் இல்லையா, கவலைப்படாதீங்க, ஒரு மாசத்துக்கு உங்க கணக்கில் நாங்க போடுறோம், வட்டி மட்டும் கொடுங்க என்பார். இதற்கு 'ஷோ மணி' என்று பெயர். விசா வந்ததும் பணம் பறந்து விடும். வட்டியும் கமிஷனும் நம்ம தலையில். பிள்ளை அங்கே போய் இறங்கும்போது பாக்கெட் காலி. படிக்கப் போனவன் வாடகைக்கும் சோத்துக்கும் வேலை தேடி அலைகிற கொடுமை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

மாட்டிக்கொண்டால் அதைவிட மோசம். பொய் ஆவணம் என்று முடிவானால் கனடா 5 வருஷத்துக்கு உள்ளே விடாது. இங்கிலாந்தில் 10 வருஷம் வரை தடை. கையெழுத்து போட்டது மாணவர் என்பதால் தண்டனையும் மாணவருக்குத்தான்.

பஞ்சாப் கதை ஞாபகம் இருக்கா? போலி சேர்க்கை கடிதத்தோடு கனடா போன மாணவர்கள், வருஷங்கள் கழித்து நிரந்தர குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் குட்டு உடைந்தது. 2023-ல் நாடு கடத்தும் நோட்டீஸ் கையில் வந்ததும் ரோட்டில் உட்கார்ந்து போராடினார்கள். ஜலந்தரில் கடை விரித்திருந்த ஏஜென்டுக்கு 2024-ல் கனடா கோர்ட் 3 வருஷ ஜெயில் போட்டது. ஆனால் பெற்றோர் விற்ற நிலம் திரும்பி வந்துச்சா?

அதற்கப்புறம் 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கை கடிதத்தையும் அந்தந்த காலேஜிடமே கேட்டு சரிபார்க்கிறது கனடா. சோதனையில் ஆயிரக்கணக்கில் சந்தேக கடிதங்கள் சிக்கின. அந்தக் கோபத்தின் சூடுதான் இன்றைக்கு ஒழுங்காக விண்ணப்பிக்கும் பிள்ளைகள் மேலேயும் விழுகிறது.

இதில் ஒரு சட்ட ஓட்டையும் இருக்கு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983 குடிபெயர்வு சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் வேலைக்குத்தான். படிக்க அனுப்புகிற கன்சல்டன்சி அதில் வரவில்லை. பஞ்சாப் அரசு 2012-ல் தனிச்சட்டம் போட்டு லைசென்ஸ் கேட்டது. அங்கேயே இந்த கதி என்றால், போர்டு மாட்டியவரை எல்லாம் நம்பினால் நம்ம கதி என்ன?

கடன் கேட்க வெட்கம் எதற்கு?

அப்போ ரொக்கத்தில் பிழைக்கிற குடும்பத்துக்கு வழியே இல்லையா? இருக்கு. பேங்க் கல்விக்கடன்தான் அந்த வழி. ஷோ மணி பொய். கடன் அனுமதி கடிதம் உண்மை. அதை தூதரகங்கள் நிதி ஆதாரமாக ஏற்கின்றன. பேங்க் கல்விக்கடனில் வெளிநாட்டுக்கு பணம் அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். பிடித்தமும் கிடையாது.

பொதுவாக 4 லட்சம் வரை ஜாமீன் வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்க வழி இருக்கு. அதற்கு மேல் போனால் சொத்து கேட்பார்கள். கடலோரத்தில் பலருக்கு இடிக்கிற இடம் இதுதான். வீடு இருக்கும், பட்டா இருக்காது. இருந்தாலும் தாத்தா பேரில் இருக்கும். பேர் மாற்றாத மனையை எந்த மேனேஜரும் தொட மாட்டார். பிள்ளை காலேஜில் முதல் வருஷம் படிக்கும்போதே பட்டா வேலையை தொடங்கணும்.

இன்னொன்று, வருமான வரி கணக்கு. வரி கட்டுற அளவுக்கு வருமானம் இல்லையே, எதுக்கு தாக்கல் என்பார்கள். வரி ஜீரோ என்றாலும் தாக்கல் செய்யலாம். மீன்பிடி வருமானம் சட்டப்படி விவசாய வருமானம் கிடையாது. சிறு தொழில் கணக்கில் எளிய முறையில் காட்டலாம். இரண்டு, மூன்று வருஷ ரிட்டர்ன் கையில் இருந்தால் பேங்கிலும் பேசலாம், தூதரகத்திலும் பேசலாம்.

ஏலப்பணத்தை வாரத்துக்கு ஒரு தடவை கணக்கில் போடுங்க. சீட்டு எடுத்தால் அந்த ரசீதையும், நகை வச்சால் நகைக்கடன் சீட்டையும் பத்திரமாக வையுங்க. பணம் எப்படி வந்துச்சு என்ற கேள்விக்கு பதில் அதுதான்.

மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தை காட்டி சிலர் ஆசை காட்டுகிறார்கள். அது இந்தியாவில் உள்ள தரமான கல்வி நிறுவனங்களில் படிக்கத்தான். வெளிநாட்டுக்கு செல்லாது.

வாஞ்சூர் தாண்டினால் வேற சட்டம்

தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் அம்பேத்கர் அயலக கல்வி திட்டம் இருக்கு. வாஞ்சூர் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் நாகூர்க்காரர் கேட்கலாம். இந்தப் பக்கம் காரைக்கால்காரர் கேட்க முடியாது, நாம் புதுச்சேரி. மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் வருஷத்துக்கு 125 இடம். அதுவும் தாழ்த்தப்பட்டோர், நிலமற்ற விவசாயக் கூலி, பாரம்பரிய கைவினைஞர் போன்ற பிரிவுகளுக்கு. மீனவப் பிள்ளைகளுக்கு என்று அதில் தனி இடம் இல்லை. ஜாதி கேட்காத உதவித்தொகை என்றால் ஜெர்மனியின் டாட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், பிரான்ஸின் ஐபெல் போன்றவை. போட்டி கடுமைதான். ஆனால் மார்க் பேசும் இடம் அது.

பிரான்ஸ் என்றதும் காரைக்காலில் ஒரு தனிக்கதை உண்டு. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தம் அமலானபோது ஆறு மாசத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சு குடிமக்கள் ஆனார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அரசு யுனிவர்சிட்டியில் சில நூறு யூரோவில் படிக்கலாம். மற்ற இந்தியர்களுக்கு 2019-ல் இருந்து பட்டப்படிப்புக்கு 2,770, மேல்படிப்புக்கு 3,770 யூரோ என்று வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறார்கள். அதுவும் தனியார் காலேஜ் பீஸை பார்த்தால் குறைவுதான். பிரெஞ்சு துணைத்தூதரகம் புதுச்சேரியிலேயே இருக்கு.

டாக்டர் கனவா?

நீட்டில் மார்க் குறைந்தால் ரஷியா, ஜார்ஜியா என்று நோட்டீஸ் வருகிறது. வெளிநாட்டில் டாக்டருக்கு படித்து இங்கே தொழில் பார்க்கவும் நீட் பாஸ் கட்டாயம். 54 மாசம் ஒரே காலேஜில், ஆங்கிலத்தில் படித்திருக்க வேண்டும். திரும்பி வந்தும் ஒரு தேர்வு. 2025 ஜூனில் அதை எழுதியவர்களில் நூற்றுக்கு 20 பேர்கூட தேறவில்லை. இதை எந்த நோட்டீஸிலும் போட மாட்டார்கள்!

கணக்கு இவ்வளவுதான். பிள்ளை வெளிநாடு போகும் தயாரிப்பு என்பது பெட்டி வாங்குவதோ, இங்கிலீஷ் கோச்சிங் போவதோ மட்டும் இல்லை. அப்பாவின் பாஸ்புக், அம்மாவின் சீட்டு ரசீது, தாத்தா பேரில் கிடக்கும் பட்டா... இவை மூன்றும் பிள்ளைக்கு முன்னாடியே தயாராகணும். பாஸ்போர்ட்டுக்கு அலைய வேண்டாம், காரைக்கால் தபால் நிலையத்திலேயே வாங்கலாம். பாஸ்புக்குக்குத்தான் இரண்டு வருஷம் வேணும்.

படகை விற்று ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டு, விசாவும் வராமல் நின்றால், அடுத்த ஜூன் 15-ம் தேதி தடைக்காலம் முடியும்போது கடலுக்குப் போக எதில் ஏறுவது? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை யோசிங்க.