வாரம் ஒரு காசு



பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குச் செல்வோர் பலரும் உணவின் பொருட்டே செல்கின்றனர். ரோன், சோன் எனும் இரு நதிகள் கூடும் அந்நகரில் நானும் ஒரு சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்தேன். 'பட்டு நெசவாளியின் மூளை' என்றொரு பண்டம் பட்டியலில் இருக்கக் கண்டு அஞ்சினேன் என்பதை மறைப்பதற்கில்லை. வந்ததோ, பூண்டும் பச்சிலையும் கலந்து அடித்த இளம் பாலாடைக்கட்டி! குன்றின்மேல் தறி நெய்து, கூலிக்காக 1831-இல் கிளர்ந்தெழுந்த ஏழை நெசவாளரின் பெயர் இன்று விருந்தினரின் தட்டில் நிற்கிறது.

அவ்வேழைகளின் வேறொரு நினைவும் அங்குண்டு. பட்டு வணிகர் ஒருவரின் மகளாக 1799-இல் அந்நகரில் பிறந்தவர் பொலின் ஜாரிக்கோ. கீழைநாடுகளில் உழைத்த பாரீஸ் வேதபோதகர் பொருளின்றித் தவிப்பதைத் தம் சகோதரர் வாயிலாக அறிந்து, பட்டாலைப் பெண்களிடம் வாரம் ஒரு காசு கேட்டார். ஒருவர் பத்துப் பேரிடம் திரட்ட வேண்டும். பத்துக் குழுக்கள் சேர்ந்தால் நூறு. நூறுகள் பத்துச் சேர்ந்தால் ஆயிரம். பெருஞ்செல்வர் எவரையும் எதிர்பாராத கணக்கு இது. இதிலிருந்தே 1822-இல் விசுவாசப் பரப்புதல் சங்கம் எழுந்தது. அந்தப் பாரீஸ் குருக்கள் வேறெவரோ அல்லர். 1776 முதல் புதுச்சேரியில் உழைத்த அதே சபையினர்தாம்.

இளங்குருவாய் இருந்த நாள்களில், மறைபரப்பு ஞாயிறு அறிவிப்பை நான் அரைமனதோடுதான் வாசித்து வந்தேன். "ஒழுகும் நம் கோவில் கூரைக்கே பணமில்லை, வெளியே அனுப்புவானேன்?" என்று பங்குப் பேரவையில் கேட்டவர்களுக்கு நான் மறுமொழி கூறியதுமில்லை.

பொலினின் பிற்காலம் துயரமானது. தொழிலாளருக்கென ஓர் ஆலை நடத்த முனைந்து, நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டார். அதில் பணம் இட்டிருந்த எளியோருக்குக் கடனைத் திருப்பித் தருவதிலேயே எஞ்சிய ஆண்டுகள் கழிந்தன. ஊரெங்கும் காசு திரட்டக் கற்றுக்கொடுத்தவரின் பெயர், இறுதியில் உதவி பெறும் ஏழைகளின் பட்டியலில் ஏறியது. 1862-இல் இறந்தார். முத்திப்பேறு பெற்றவராகத் திருச்சபை அவரை உயர்த்தியது 2022 மே 22-இல், அதே லியோனில்.

புனித நிசியே ஆலயத்தில் அவர் கல்லறை உள்ளது. நான் சென்ற பிற்பகலில் இரு மூதாட்டியர் மட்டுமே அங்கே செபித்துக்கொண்டிருந்தனர். வெளியே உணவகங்களில் இடம் கிடைப்பது அரிது.

இவ்வாண்டின் மறைபரப்பு ஞாயிற்றுக்கான சுற்றுமடல் என் மேசைமீது கிடக்கிறது. கூரை இன்னும் ஒழுகுகிறது. அறிவிப்பை இம்முறை நானே எழுதப்போகிறேன்.