மூன்று கயிறுகளும் ஒரு கதையும்



ஓர் ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளியில் கயிறு வித்தை காண்பித்தேன். நீளத்தில் வேறுபட்ட மூன்று கயிறுகள் என் கையில் ஒரே அளவாயின. "தேவனுடைய வல்லமையைப் பாருங்கள்!" என்றேன். பிள்ளைகள் கைதட்டினர். ஒரு சிறுவன் மட்டும் அருகில் வந்து, "இயேசுவும் இப்படித்தான் செய்தாரா ஐயா?" என்று கேட்டான். எனக்கு வாய் திறக்கவில்லை.

வித்தை குற்றமன்று, அதற்கு நான் சூட்டிய கதையே குற்றம். இத்தாலியில் பிறந்த ஜான் போஸ்கோ (1815–1888) சிறுவயதிலேயே வித்தை காட்டி அயலாரைக் கூட்டி, ஆலயத்தில் கேட்ட பிரசங்கத்தை அவர்களுக்குத் திருப்பிச் சொல்லுவார். வித்தையை அற்புதமென்று அவர் விற்கவில்லை.

இப்பொழுது அதே கயிறுகளுக்கு மத்தேயு 20ஆம் அதிகாரத்தைச் சொல்லுகிறேன். நீண்ட கயிறு அதிகாலையில் திராட்சத்தோட்டத்திற்கு வந்தவன்; நடுக்கயிறு மூன்றாம் மணி வேளையில் வந்தவன்; குட்டைக் கயிறு பதினோராம் மணி வேளையில் வந்தவன். கூலி கொடுக்கும் இடத்தில் மூன்றும் சமமாகின்றன. பின்பு மறுபடியும் நீளமும் குட்டையுமாகின்றன; உழைத்த நேரம் மாறவில்லையே! இது நியாயமா என்று பிள்ளைகள் வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள்.

"இது வெறும் கைப்பழக்கம்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இவ்வாண்டு வகுப்பெடுக்கும் வாலிபரே, நீங்களும் சொல்லிவிடுங்கள். கயிறு வேண்டுவோர் ஆராதனைக்குப் பின் என்னிடம் வாருங்கள்.