எல்வா ஆறு: அணையை அகற்றும் செலவு யாருடையது?

அணை கட்டுவது ஆக்கம், அதை இடிப்பது அழிவு என்னும் எண்ணம் தமிழரிடையே ஆழப் பதிந்துள்ளது. கல்லணையைப் பெருமையோடு பேசும் இனத்தில் இது வியப்பன்று. ஆயினும் அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில், எல்வா ஆற்றின் குறுக்கே நின்ற இரு அணைகள் 2011 முதல் 2014 வரை அகற்றப்பட்ட வரலாறு, பொறியியல் பயிலும் புலம்பெயர் இளையோர் அவசியம் அறிய வேண்டிய ஒன்றாகும்.

ஒலிம்பிக் மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 72 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு எல்வா. கடலில் வளர்ந்து, பிறந்த நன்னீருக்கே திரும்பி முட்டையிடும் சால்மன் மீன்களே அதன் செல்வம். அங்கு 1913இல் 33 மீட்டர் உயர எல்வா அணையும், 1927இல் அதற்கு மேலே 64 மீட்டர் உயரக் கிளைன்ஸ் கேன்யன் அணையும் எழுந்தன. ஆலைகளுக்கு மின்சாரம் கிடைத்தது. மீன்களுக்கோ, கடலிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குள்ளேயே பாதை அடைபட்டது. மீன் ஏறுவதற்கு வழி விட வேண்டுமென மாநிலச் சட்டம் 1890 முதலே கூறியிருந்தது. அது மீறப்பட்டது. ஈடாக அமைக்கப்பட்ட மீன் பொரிப்பகமும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது.

இவ்வாற்றங்கரையில் வாழும் க்ளாலம் பழங்குடியினருக்கு 1855ஆம் ஆண்டு உடன்படிக்கை மீன்பிடி உரிமையை உறுதி செய்திருந்தது. மீனற்ற ஆற்றில் அவ்வுரிமைக்கு என்ன பொருள்? தம் இனம் படைக்கப்பட்ட இடமென அவர்கள் போற்றும் பாறையும் நீர்த்தேக்கத்தினுள் மூழ்கியது. அதனைப் பேரப்பிள்ளைகள் பாட்டன் பாட்டியரின் சொல்லாக மட்டுமே அறிந்திருந்தனர். 2012இல் நீர் வடிந்தபோது அந்தப் பாறை மீண்டும் வெளிப்பட்டது.

அகற்றும் பணியில் கடினமானது கற்காரையை உடைப்பதன்று. அணைகளின் பின்னே சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கியிருந்தது. அது ஒரேயடியாகப் பாய்ந்தால் கீழேயுள்ள ஆறே மூச்சுத் திணறும். எனவே நீர்மட்டம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. மீன்கள் ஏறும் பருவங்களில் வேலை நிறுத்தப்பட்டது. போர்ட் ஏஞ்சலிஸ் நகரின் நீரைக் காக்கச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. கடலை அடைந்த மணல் கழிமுகத்தில் புதிய கரையாகப் படிந்தது. அணைகளுக்கு மேலே தலைமுறை தலைமுறையாகச் சிறைப்பட்டிருந்த டிரவுட் மீன்களின் வழிவந்தவை மீண்டும் கடலுக்குச் சென்று திரும்பலாயின. இது பலரும் எதிர்பாராதது. சினூக் சால்மனில் பெரும்பகுதி இன்னமும் பொரிப்பகத்தை நம்பியே உள்ளது, மீட்சி முழுமையடையவில்லை. எனினும் 2023இல் க்ளாலம் மக்கள் கோகோ சால்மனை இவ்வாற்றில் மீண்டும் பிடித்தனர்.

சில மீன்களுக்காக ஏறத்தாழ 32.5 கோடி டாலரா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வி 1913இலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். சட்டத்தை மீறிக் கட்டியதால் மிச்சமான பணம் அன்றைய முதலாளிகளிடம் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து வந்த கணக்கை வரி செலுத்துவோர் தீர்த்தனர். அதுமட்டுமன்று, 2000ஆம் ஆண்டில் அவ்வணைகளை வாங்கவே மத்திய அரசு 2.95 கோடி டாலர் கொடுத்தது!

எல்லா அணைகளும் இடிக்கப்பட வேண்டியவை அல்ல. ஆனால் அணைக்கும் ஆயுள் உண்டு. அணு மின் நிலையம் நடத்துவோர், அதைக் கலைப்பதற்கான நிதியை முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும் என்பது அமெரிக்காவில் விதி. மின்சாரம் விற்கும் அணைகளின் உரிமத்திலும் அத்தகைய நிபந்தனை இடம்பெற வேண்டும். 2024இல் கிளமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி நிறைவுற்றபோதும், அதற்கான 45 கோடி டாலர் மின் நுகர்வோரின் கட்டணத்திலிருந்தும் கலிபோர்னியாவின் பொதுக் கடன்பத்திரத்திலிருந்துமே திரட்டப்பட்டிருந்தது.