பரிசில்லாக் களமே பயில்களம்

கணிப்பொறியில் ஆட்டம் ஆடிக் களிப்போர் உலகெங்கும் கோடிக்கணக்கில் உளர். அவ்வாட்டத்தை ஆக்கத் துணிவோரோ மிகச் சிலரே. அறிவிற் குறைந்தமையாலா எஞ்சியோர் துணிந்திலர்? அன்று! தொடங்குதற்கு ஓர் இடமும், உடனிருந்து கைகொடுப்பாரும், முடித்தே தீரவேண்டும் என்னும் கால வரையறையும் அவர்க்கு வாய்க்கவில்லை. இம்மூன்றையும் ஒருங்கே தருவது, ஆட்டம் படைப்போர் ஓரிடத்துக் கூடி உழைக்கும் கூடல். ஆங்கிலத்தில் இதனைக் 'கேம் சாம்' என்பர். முன்னேற்பாடின்றி இசைவாணர் கூடி இசைத்தலைக் குறித்த சொல்லே பின்னர் இதற்கும் ஆயிற்று.

தென்மார்க்கு நாட்டின் கோப்பனேகன் நகரில் 2006-இல் தொடங்கிய 'நார்டிக் கேம் சாம்' இத்தகு கூடல்களுள் பெயர் பெற்றது. அதனால் உந்தப்பெற்று எழுந்ததே 'குளோபல் கேம் சாம்' எனும் உலகக் கூடல். 2009 சனவரி இறுதியில் 23 நாடுகளில், 53 இடங்களில் அது முதன்முறை நடந்தது. பெயரால் உலகக் கூடலாயினும் வேலை நடந்தது அந்தந்த ஊரில்தான். கருப்பொருள் அறிவிக்கப்பெற்றதும், நிரல் எழுதுவோரும் ஓவியரும் இசையமைப்போரும் சிறு சிறு குழுக்களாய் இணைந்து 48 மணி நேரத்துள் ஓர் ஆட்டத்தை ஆக்கிக் காட்டல் வேண்டும் என்பதே அந்நாள் விதி. 2012-இல் தரப்பெற்ற கருப்பொருள் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பின் படம். 2013-இல் நெஞ்சத் துடிப்பின் ஒலி. இரண்டிலும் சொல்லே இல்லை. எம்மொழி பேசுவார்க்கும் ஏற்றத்தாழ்வும் இல்லை. நெஞ்சாங்குலை மாற்று அறுவையைத் தடுமாறும் கையால் செய்யவைக்கும் 'சர்சன் சிமுலேட்டர்' எனும் ஆட்டம் அவ்வாண்டுக் கூடலிற் பிறந்ததே.

இவ்வுலகக் கூடல் தன்னைப் போட்டி அன்று என்றே அறிவித்துக்கொண்டது. அதற்குத் தக்க கரணியம் உண்டு. 'எந்நிலையினரும் வருக' என வாயிலில் எழுதிவிட்டு, உள்ளே முதற்பரிசு, இரண்டாம் பரிசு என வரிசைப்படுத்தினால் நிகழ்வது என்ன? குழுவில் வல்லவர் வேலை முழுவதையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்வார். புதியவர் தேநீர் வாங்கி வரவும் வேடிக்கை பார்க்கவுமே எஞ்சுவார். அவர் கை பட்டால் நேரம் வீணாகும் என்னும் அச்சம் இருவர்க்கும் எழும். வந்தபோது அறிந்ததையே அறிந்தவராய் அவர் வீடு திரும்புவார், மறுமுறை வாரார்.

பரிசன்றோ ஊக்கம் தரும் என்பாரும் உளர். 2017 நார்டிக் கூடலில் பின்லாந்தினராகிய ஆர்வி தெய்க்காரி ஆக்கிய 'பாபா ஈசு யூ' முதலிடம் பெற்றதை அவர்கள் காட்டலாம். அவ்வாட்டத்தில் சொற்களே நகர்த்தும் கட்டைகள். சுவர் தடுக்கும் என்னும் தொடரில் ஒரு சொல்லைத் தள்ளிவிட்டால் சுவர் தடுக்காது. வியத்தகு படைப்பே! ஆயினும் முதலிடமா அதனை முழுமையாக்கியது? 2019-இல் வெளிவரும்வரை தொடர்ந்த உழைப்பன்றோ? பரிசு முடித்தவரைப் பாராட்டும். தயங்குவாரைத் தொடங்கச் செய்யாது.

ஆதலின், ஊர்தோறும் கூடல் நடத்துவோர் செய்யத்தக்கன சில உள. குழு அமைக்கும்போதே புதியவர் ஒவ்வொருவர்க்கும், சிறிதாயினும், அவரே முடிக்கவேண்டிய ஒரு பகுதியை ஒதுக்குக. வல்லவர் அருகிருந்து வழி சொல்லுக; விசைப்பலகையைப் பிடுங்கற்க. இறுதி நாளில் அரைகுறையாய் நின்றவை உட்பட அனைத்தையும் அவையில் காட்டுக. 48 மணி நேரத்தில் எழுந்த ஆட்டம் குறையுடையதாய் இருத்தல் இயல்பே. முடித்துக் காட்டிய சிறு பொருள், முடியாத பெருங்கனவினும் மேலானது.

ஆடுவோரை ஆக்குவோராய் மாற்றுவதே கூடலின் வெற்றி. அதனை அளக்கக் கிண்ணமும் பட்டயமும் வேண்டா. சென்றமுறை வந்த புதியவர் எத்துணைப் பேர் இம்முறையும் வந்தனர் என எண்ணிப் பார்த்தாலே போதும்!